எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா? ஒரு வாசகர் வட்டத்தின் சிறுகதைப் பயிற்சி

பின்னணி

தமிழ்நாட்டின் தென்பகுதியில் ஒரு மாவட்டத் தலைநகர். அங்குள்ள பொது நூலகத்தின் வாசகர் வட்டம், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிறுகதை எழுதும் பயிற்சி ஒன்றை ஏறக்குறைய ஆறு மாதம் நடத்தியது. அதை ஒருங்கிணைத்தவர்களில் நானும் ஒருவன். கலந்துகொண்டவர்களின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பயிற்சி தொடங்கும் முன்பே வட்டத்துக்குள் கருத்து வேறுபாடு வந்தது. மூத்த உறுப்பினர்கள் சிலர் இது வீண் வேலை என்றார்கள். "எழுத்து பிறவியில வரணும். கி.ரா. எந்தப் பட்டறையில படிச்சாரு?" என்று ஒருவர் கேட்டார். பயிற்சி நடத்த வர ஒப்புக்கொண்டிருந்த சிறுகதை எழுத்தாளர் அன்று கூட்டத்தில் இருந்தார். நாற்பது ஆண்டுகளாக எழுதுகிறவர், பேச்சில் நிதானமானவர். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்தான், ஆனால் அவருடைய ஊரான இடைசெவலிலேயே இன்னொரு எழுத்தாளர் கு. அழகிரிசாமி இருந்தார், இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து சங்கீதம் கேட்டார்கள், பேசிப் பேசி வளர்ந்தார்கள் என்று நினைவூட்டினார். ஒரு சின்ன ஊரிலிருந்து சாகித்திய அகாதெமி விருது பெற்ற இரண்டு பேர் வந்ததைப் பிறவி என்ற ஒன்றை மட்டும் வைத்து விளக்க முடியுமா என்று கேட்டார்.

இன்னொருவர் ஔவையார் பெயரில் வழங்கும் 'சித்திரமும் கைப்பழக்கம்' வெண்பாவைச் சொல்லி, அது 'பிறவிக் குணம்' என்றுதானே முடிகிறது என்றார். அந்த வெண்பாவிலேயே செந்தமிழ் நாப்பழக்கம் என்று பழக்கத்தின் பக்கம்தான் இருக்கிறது, பிறவிக் குணமாகச் சொல்லப்படுவது நட்பும் கொடையும் போன்றவை என்று எழுத்தாளர் பதில் சொன்னார். விவாதம் முடியவில்லை, ஆனால் பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது.

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்த்தோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936இல் தொடங்கியது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் முதுகலைப் படிப்பாகவே இதைக் கொண்டுவந்தது. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது என்று பலரும் சொல்வதை ஓரளவு ஏற்பதாக அயோவா பட்டறையே தன்னைப் பற்றிய அறிமுகத்தில் சொல்கிறது. இத்தனை காலம் கற்றுக்கொடுத்தவர்களே அப்படிச் சொன்னால், 'முடியுமா, முடியாதா' என்று கேட்பதில் பெரிய பயனில்லை. வருபவரிடம் எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை. அதற்காக ஒவ்வொருவரின் ஒவ்வொரு வரைவையும் தேதி போட்டுக் கோப்பில் வைத்தோம். இந்த ஆய்வு அந்தக் கோப்பை வைத்து எழுதப்பட்டது.

வந்தவர்கள்

பத்துப் பேருக்கு மேல் வந்தார்கள். எல்லோரைப் பற்றியும் எழுதப்போவதில்லை. மூன்று பேரைச் சொன்னால் போதும்.

முதலாமவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், நியாயவிலைக் கடையில் விற்பனையாளர். மற்றவர்கள் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதற்குப் பிறகு எதுவும் எழுதியதில்லை. வார இதழ்க் கதைகளை விடாமல் படிப்பவர்.

இரண்டாமவர் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர். நிறைய படித்திருந்தார், மொழி தானாக வந்தது. முதல் நாளே அவர் எழுதிய பத்தியைக் கேட்டு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாமவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். யாப்பும் இலக்கணமும் கரைகண்டவர். கதையில் பேச்சுமொழி வருவதை அவரால் ஏற்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் இருந்த வரைக்கும் எல்லோருடைய ஒற்றுப்பிழையும் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது சின்ன உதவி இல்லை.

தொடக்கத்தில் கண்டது

அக்காவின் முதல் கதைக்குத் தலைப்பு 'விதி'. கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவதில் தொடங்கியது. ஏழைக் கிழவி ஒருத்தி ரேஷன் கடைக்கு வருகிறாள், அவளுடைய கைரேகை இயந்திரத்தில் பதிவாகவில்லை, விற்பனையாளர் மனமிரங்கித் தன் கைக்காசில் அரிசி வாங்கிக் கொடுக்கிறார், கிழவி கண்ணீர் மல்க வாழ்த்துகிறாள். 'மனிதம் இன்னும் சாகவில்லை' என்று கடைசி வரி. நடுவில் இரண்டு பத்திகள் வறுமையின் கொடுமை பற்றி. படித்து முடித்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நல்ல மனம் தெரிந்தது, ஆனால் ஒரு கிழவியும் ஒரு கடையும் கண்முன் வரவில்லை.

அன்றைய தேநீர் இடைவேளையில் யாரோ, "நெஜமாவே ரேகை பதியாதாக்கா?" என்று கேட்டார்கள். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்:

"எங்க பதியும்? அந்தம்மாவுக்கு விரல்ல ரேகையே கெடயாது. காலம்பூரா களை பறிச்சு, பாத்திரம் தேச்சு மழுங்கிப்போச்சு. நான் ஒவ்வொரு விரலா வெச்சுப் பாக்கேன். தொடச்சு வெக்கேன், ஈரம் பண்ணி வெக்கேன். மெஷின் வேண்டாம் வேண்டாம்னுது. பின்னால வரிசையில நிக்கிறவன் கத்துறான், பஸ்ஸு போயிரும்னு. அந்தம்மா என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கி. 'என் வெரலுதான் தாயி, நம்பு'ங்குது."

சுற்றி நின்றவர்கள் அசையவில்லை. எழுத்தாளர் மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, இந்தக் கடைசி வார்த்தை உங்க கதையில இல்லையே?"

"அதெல்லாம் கதையா சார்?" என்றார் அக்கா. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

இந்தப் பயிற்சியில் நான் கண்டவற்றில் முக்கியமானது அந்தக் கேள்விதான். அக்காவிடம் விஷயம் இருந்தது. சொல்லும் திறமையும் இருந்தது. தன்னிடம் இருப்பதில் எது கதை என்று மட்டும் தெரியவில்லை. கதை என்றால் கதிரவனும் கண்ணீரும் நீதியும் என்று, படித்தவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இளைஞரின் நிலைமை நேர்மாறு. எது கதை, எது கதையில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் எழுதியே ஆகவேண்டும் என்று அவரை உந்தும் எதுவும் அந்தப் பக்கங்களில் தென்படவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பாடம் நடத்துவதில்லை. பாத்திரப் படைப்பு, கருப்பொருள், உத்தி என்று குறிப்பெழுதிப் பழகினால் அது குறிப்பாகவே நின்றுவிடும் என்று எழுத்தாளர் நினைத்தார். ஒருவர் கதையை இன்னொருவர் உரக்கப் படிப்பார். எழுதியவர் முதலில் பேசக் கூடாது, கேட்க வேண்டும். அமெரிக்கப் பட்டறைகளில் பரவலாக உள்ள வழக்கம் இது. தன் கதையை இன்னொரு குரலில் கேட்கும்போது எந்த இடத்தில் குரல் தடுக்குகிறது என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும். எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் தாளில் குறித்துக் கொடுத்தால் போதும், அதை வைத்து விவாதம் வேண்டாம் என்றும் முடிவானது. தமிழாசிரியருக்கு இது வருத்தம்.

இரண்டாவது முடிவு, எழுத்தாளர் யாருடைய வாக்கியத்தையும் திருத்தி எழுத மாட்டார். இதில் எனக்கு அப்போது மாற்றுக் கருத்து இருந்தது, செய்து காட்டினால் சீக்கிரம் புரியுமே என்று. அவர் அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் விஷயத்தை எடுத்துச் சொன்னார். 1981இல் வந்த கார்வரின் தொகுப்பில் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் ஏறக்குறைய பாதியை வெட்டியிருந்தார். அச்சை நிறுத்தும்படி கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் புத்தகம் வெட்டுப்பட்ட வடிவத்திலேயே வந்தது, பெரும் புகழும் பெற்றது. வெட்டுவதற்கு முந்தைய வடிவம் 2009இல் வெளியானபோது, அந்தக் கதைகளின் குரல் யாருடையது என்ற கேள்வி மறுபடி எழுந்தது. "அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தக் கதி. நான் கைவெச்சா இவங்க எல்லாரும் என்னை மாதிரி எழுதுவாங்க. அதுக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்றார். கேள்வி கேட்பது மட்டுமே அவர் வேலை என்று ஆனது.

மூன்றாவது முடிவு நன்னூலிலிருந்து வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். அதன் முன்னுரையான பாயிரத்திலேயே கற்பது எப்படி என்று கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக விளக்கிச் சொல்லும்போது வரும். எழுதும் பட்டறை என்ற சொல்லே இல்லாத காலத்தில் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். எழுத்தாளர் இதை அப்படியே முறையாக்கினார். ஒவ்வொரு வாரமும் ஒருவர், மற்றவர் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு அது எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே இல்லை, ஏன் என்று எல்லோருக்கும் விளக்க வேண்டும்.

அக்காவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. தேநீர் வேளையில் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லி செல்போனில் பதிவு செய்தோம். அதை அவரே கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

நடந்தது

அந்த எழுத்துப்படி எங்கள் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. பேசியதை அப்படியே எழுதினால் கதை வந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தோம். தாளில் அது தட்டையாக இருந்தது. அக்கா பேசும்போது கை பேசியது, கட்டைவிரலை மடக்கி நீட்டிக் காட்டினார், வரிசையில் கத்துகிறவனின் குரலை மாற்றிச் சொன்னார், கிழவியின் வார்த்தைக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினார். தாளில் அவை எதுவும் இல்லை. அக்கா சோர்ந்துபோனார். "பேசினா நல்லாருக்கு, எழுதினா ஒண்ணுமில்லாமப் போவுது" என்றார்.

எழுத்தாளர் கேட்டார், "நீங்க நிறுத்தினீங்களே, அந்த எடத்துல கடையில என்ன சத்தம் கேட்டுச்சு?"

அக்கா யோசித்துவிட்டு, எடை போடுகிற பையன் சாக்கைத் தரையில் இழுக்கிற சத்தம் என்றார்.

அடுத்த வரைவில் அந்த இடத்தில் சாக்கு இழுபட்டது. அதற்குப் பிறகு கிழவி பேசினாள். பேச்சில் வந்த மௌனத்துக்குத் தாளில் ஓர் ஈடு கிடைத்துவிட்டது. இதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. குரலும் கையும் முகமும் செய்கிற வேலையை எழுத்தில் எது செய்யும் என்பது தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம், அதற்கு ஆசிரியரின் ஒரு நல்ல கேள்வி உதவும். கதிரவன் அந்த வரைவிலேயே போய்விட்டான், யாரும் சொல்லாமலே. கதை இப்போது, 'பாட்டி கட்டைவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்' என்று தொடங்கியது.

வறுமை பற்றிய இரண்டு பத்திகள் மட்டும் அசையவில்லை. வட்டத்தில் பலரும் அவற்றை எடுத்துவிடச் சொன்னார்கள். அக்கா தலையாட்டுவார், அடுத்த வாரமும் அவை இருக்கும். அப்போதுதான் விளக்கும் முறை அவரிடம் வந்தது. இன்னொருவர் எழுதிய, மகனை விடுதியில் சேர்த்துவிட்டு வரும் தந்தை பற்றிய கதை அவருக்குக் கிடைத்தது. அந்தக் கதையிலும் நடுவில் தந்தைப் பாசம் பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கா எழுந்து நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பெட்டிய வெச்சுட்டு, பூட்டு சரியா இருக்கான்னு ரெண்டு தடவ இழுத்துப் பாக்காருல்ல, அப்பவே எனக்குத் தொண்டைய அடைச்சுட்டு. அதுக்கப்புறம் பாசம் பாசம்னு எழுதியிருக்கறது, என்னமோ எனக்குப் புரியலன்னு நெனச்சு சொல்ற மாதிரி இருக்கு." சொல்லி முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த வரைவில் வறுமைப் பத்திகள் இல்லை. வாரக்கணக்கில் மற்றவர்கள் சொல்லியும் நடக்காதது, அதையே தான் இன்னொருவருக்குச் சொன்ன பிறகு நடந்தது. பவணந்தியின் கணக்கு கண்முன்னே நிரூபணமானதாகவே எடுத்துக்கொண்டேன்.

முடிவுதான் பெரிய சிக்கலாக இருந்தது. விற்பனையாளர் கைக்காசில் அரிசி வாங்கிக் கொடுப்பது யாருக்கும் பொருந்தவில்லை. ஒரு ஞாயிறு எழுத்தாளர் நேராகவே கேட்டார், "அன்னிக்கு நெஜமா என்னம்மா நடந்துச்சு?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திருப்பி அனுப்பிட்டேன் சார். பேரன் கார்டுல இருக்கான், அவனக் கூட்டிட்டு வான்னுட்டேன். பில் போடாம சரக்கு எடுத்துக் கொடுத்தா ஸ்டாக்கு இடிக்கும், அதிகாரி வந்தா நான்தான பதில் சொல்லணும். அது பையை மடிச்சுட்டுப் போச்சு" என்றார். ஏன் மாற்றி எழுதினீர்கள் என்றதற்கு, "கதையிலயாவது நல்லது நடக்கட்டுமேன்னுதான்" என்றார்.

இங்கே வட்டம் இரண்டாகப் பிரிந்தது. உண்மையை எழுத வேண்டும் என்று ஒரு பக்கம். கதை என்பது நடந்ததை எழுதுவது மட்டுமல்ல, அக்காவின் ஆசைக்கும் அதில் இடம் உண்டு என்று இன்னொரு பக்கம். எல்லோரும் எழுத்தாளரைப் பார்த்தார்கள். அவர் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. பிற்பாடு நான் காரணம் கேட்டேன். தன்னைப் பற்றி அவ்வளவு கடினமான ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்பதை இன்னொருவர் முடிவு செய்யக் கூடாது, அது எழுதுகிறவருடைய வாழ்க்கை என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. கற்பித்தலுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. சத்தத்தை எங்கே வைப்பது என்று கேட்டுக் கேட்டுக் கொண்டுவரலாம். தன்னையே குற்றவாளியாக நிறுத்தும் ஒரு காட்சியை எழுதும் துணிவை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.

அக்கா சில வாரங்கள் வரவில்லை. திரும்பி வந்தபோது கொண்டுவந்த வரைவில் கிழவி திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். கைக்காசும் இல்லை, கண்ணீரும் இல்லை. தலைப்பு 'அடுத்தவங்க வாங்க' என்று மாறியிருந்தது. விற்பனையாளர் வரிசையைப் பார்த்துச் சொல்லும் அந்த இரண்டு சொற்களோடு கதை முடிந்தது.

இளைஞரின் பாதை

இதே காலத்தில் இளைஞரிடம் வேறு மாதிரி நடந்தது. நண்பனோடு இரவில் பைக்கில் போவது பற்றி அவர் எழுதிய கதை கரடுமுரடாக இருந்தது. ஒரே வாக்கியம் பாதிப் பக்கத்துக்கு ஓடியது. காலம் முன்னும் பின்னும் குழம்பியது. ஆனால் அதில் ஒரு வேகம் இருந்தது. வட்டம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றைச் சொன்னது: வாக்கியத்தை உடை, காலத்தைச் சரிசெய், நண்பன் யார் என்று முதலிலேயே சொல். அவர் எல்லாவற்றையும் செய்தார். சொன்னதைச் செய்துவிடும் திறமை அவருக்கு இருந்ததே பிரச்சினையானது.

கடைசி வரைவில் பிழை என்று எதையும் காட்ட முடியவில்லை, படிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எழுத்தாளர் கோப்பிலிருந்து முதல் வரைவை எடுத்து இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் செய்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஒவ்வொரு யோசனையும் தனியாகப் பார்த்தால் நியாயமானது, எல்லாம் சேர்ந்து கதையைப் பொதுவான ஒன்றாக ஆக்கிவிட்டன. பட்டறைகள் எல்லோரையும் ஒரே மாதிரி எழுத வைக்கின்றன என்று அமெரிக்காவில் நீண்ட காலமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, எங்கள் நூலக அறையிலேயே நடந்தது. அதன் பிறகு, திருத்தம் சொல்கிறவர் முதலில் கதையில் எதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். இளைஞருக்கு அது தாமதமாக வந்த உதவி.

விளைவு

அக்காவின் கதை ஒரு வார இதழிலிருந்து திரும்பி வந்தது. பிறகு ஒரு சிற்றிதழில் வெளியானது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, பயிற்சி முடிந்த பிறகு யாரிடமும் காட்டாமல் அவர் எழுதிய இரண்டாவது கதை. அதன் முதல் வரைவையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் வரைவில் நீதி சொல்லும் ஒரு பத்தி இருந்தது, அவரே பேனாவால் குறுக்கே கோடு போட்டிருந்தார். முதல் வரைவில் அவர் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய பழக்கம் அப்படியே வருகிறது. அதை அடையாளம் கண்டு அடிக்கும் கை புதிதாக வந்திருக்கிறது. கற்றுக்கொடுக்க முடிந்தது இரண்டாவது வரைவைத்தான் என்பது என் முடிவு.

இளைஞர் இப்போது எழுதுவதில்லை. ஆனால் வட்டத்தில் ஒரு கதையைக் கொடுத்தால் அது எங்கே திரும்பியிருக்க வேண்டும் என்று அவரைப் போல யாராலும் சொல்ல முடியாது. ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் பிரதி பார்த்துக் கொடுக்கிறார். பயிற்சி அவரைத் தோற்கடித்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. தமிழில் கதைப் பிரதிகளை நிதானமாகப் படித்துத் திருத்தம் சொல்லும் ஆட்கள் மிகவும் குறைவு, அந்த வேலைக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார். எழுதும் உந்துதல் அவருக்கு நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம்.

மற்றவர்களில் பாதிக்கு மேல் ஒரு கதையோடு நின்றுவிட்டார்கள். எல்லோரும் முன்பைவிட நன்றாகப் படிக்கிறார்கள்.

அடுத்த முறை மாற்றுபவை

'எதைத் தொடக் கூடாது' என்ற விதி முதல் நாளிலிருந்தே இருக்கும். ஒரு கதைக்கு ஒரே கூட்டத்தில் இரண்டு யோசனைகளுக்கு மேல் சொல்ல அனுமதியில்லை, அதற்கு மேல் தோன்றுவதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வரைவு வந்த பிறகு சொல்லலாம்.

பிறர் கதையை விளக்கும் பயிற்சியை முதல் மாதத்திலேயே தொடங்குவோம். தன் கதையைக் கொண்டுவருவதற்கு முன்பே ஒருவர் இரண்டு பேருடைய கதையையாவது விளக்கியிருக்க வேண்டும்.

தமிழாசிரியரைப் போன்றவர்களுக்குத் தனி இடம் வேண்டும். பேச்சுமொழியை எழுத்தில் எப்படிப் பிரிப்பது, எங்கே ஒற்று மிகும், நிறுத்தக்குறி எங்கே என்பதற்கு மாதம் ஒரு வகுப்பை அவரிடமே விட்டிருக்கலாம். இந்த முறை அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா சில வாரங்கள் வராமல் இருந்தபோது யாரும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டோம். அவருடைய விஷயத்தில் அது நல்லதாகவே முடிந்தது. ஆனால் சொந்த வாழ்க்கையின் கடினமான ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கும் ஒருவரை இப்படித் தனியே விடுவது எல்லோருக்கும் ஒத்துவராது. அதனால் ஒவ்வொருவருக்கும் வட்டத்திலிருந்து ஒரு துணை வாசகரை முதல் நாளே சேர்த்துவிடுகிறோம். அடுத்த சுற்றில் புதிதாக வரும் இரண்டு பேருக்கு அக்காதான் துணை வாசகர்.